கார்டில் ஏலம் எடுத்த பதக்கங்கள்: வீட்டின் மேல் கடன் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 46. லெஸ்டரில் ஒரு மருத்துவமனை லேபில் வேலை, பிடித்தம் போக மாதம் 2,900 பவுண்டு கைக்கு வருகிறது. எட்டு வருடமாகப் பழைய பிரிட்டிஷ் பதக்கங்கள் சேர்க்கிறேன். முதல் உலகப்போர் ஜோடிகளில் (வார் மெடலும் விக்டரி மெடலும் சேர்ந்தது) தொடங்கி, கிரைமியா, போயர் போர், 1935 ஜூபிலி, 1937 முடிசூட்டுப் பதக்கங்கள் என்று இதுவரை 31,000 பவுண்டு போட்டிருப்பேன். மூன்று கிரெடிட் கார்டில் 11,400 பாக்கி (மனைவிக்கு 4,000 என்றுதான் தெரியும்). இப்போது மச்சான், மனைவியின் அண்ணன், தன் நண்பரிடம் ஸூலு போர் பதக்கம் ஒன்று 22,000-க்கு இருப்பதாகச் சொல்கிறார். வீட்டின் மேல் நான் 20,000 எடுத்தால் மீதி 2,000 அவர் போடுவாராம், விற்று வரும் லாபத்தில் ஆளுக்குப் பாதி. பதக்கம் விற்றால் வரியும் இல்லை என்கிறார். மகன் இரண்டு வருடத்தில் பல்கலைக்கழகம் போகிறான். எடுக்கலாமா? பி.கு.: சில பதக்கங்களை விற்பதென்றால் முன்னாடியே பாலிஷ் போட வேண்டுமா?

பதில்: எடுக்கக் கூடாது. ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது மச்சானின் திட்டம் இல்லை, கூட அனுப்பியிருந்த கார்டு கணக்கு. மார்ச்சில் 3,200 பவுண்டை வட்டியில்லாத புது கார்டுக்கு மாற்றியிருக்கிறீர்கள், 3 சதவீதக் கட்டணமும் கட்டியிருக்கிறீர்கள். சரி, நல்ல காரியம். ஏப்ரலில் பார்த்தால், காலியான அந்தப் பழைய கார்டிலேயே ஓர் ஏலக் கம்பெனிக்கு 412, அப்புறம் 530. போன வருடம் ஆகஸ்டிலும் இதே கதை. கடனை இடம் மாற்றினால் கடன் தீர்ந்ததாக மனசு எடுத்துக்கொள்கிறது, காலி கார்டு பர்ஸில் பணம் மாதிரித் தெரிகிறது, அடுத்த ஏலப் பட்டியல் வந்ததும் கை தானாக உயர்கிறது. வட்டி, மாதப் பட்ஜெட் எல்லாம் உங்களுக்குத் தெரியாததில்லை, அதற்குள் நான் போகவில்லை. கையில் காசு வருவதற்கு முன்னால் ஏலம் கேட்கிற இந்தப் பழக்கம் ஒன்றுதான் பிரச்சினை. மச்சானின் யோசனையும் அதே பழக்கம்தான், கார்டுக்குப் பதில் வீடு, அவ்வளவுதான் வித்தியாசம்.

கணக்கைத் தோராயமாகப் போடுவோம். ஒரு பதக்கத்துக்கு 1,000 பவுண்டில் சுத்தியல் விழுகிறது, அதாவது ஏலம் முடிகிறது. வாங்குபவரின் கட்டணம் 24 சதவீதம் என்றால் 240, அந்த 240-க்கு வாட் வரி 48, ஆக 1,288 கொடுத்து வாங்குகிறீர்கள். அதை அப்படியே திரும்ப ஏலத்துக்குக் கொடுத்து, அதே 1,000-க்குப் போனால், விற்பவரின் கமிஷன் 15 சதவீதமும் அதன் வாட்டும் போக 820 வரும். விலை ஒரு பென்னிகூட இறங்காமலே 468 காலி. போட்ட காசு மட்டும் திரும்பி வரவே சுத்தியல் 1,570-ல் விழ வேண்டும். வருடம் 5 சதவீதம் விலை ஏறினால்கூட ஒன்பது வருடத்துக்கு மேல் ஆகும், ஏறும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவும் இல்லை.

இது ரொக்கத்தில் வாங்கினால். நீங்கள் வாங்குவது 24 சதவீத வட்டி ஓடுகிற கார்டில். 1,288 இரண்டு வருடம் கார்டிலேயே உட்கார்ந்து, வட்டியை மட்டும் கட்டிக்கொண்டு வந்தால் இன்னொரு 618. மொத்தம் 1,906. அதை மீட்க அந்தப் பதக்கம் இரண்டே வருடத்தில் 2,320-க்குப் போக வேண்டும், அதாவது இரண்டேகால் மடங்குக்கும் மேல். எந்தப் பதக்கம் அப்படிப் போகிறது? உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்பார்கள், பொழுதுபோக்கு என்றால் மிஞ்சாவிட்டாலும் பரவாயில்லை, சினிமாவுக்கும் கிரிக்கெட்டுக்கும் செலவழித்துவிட்டு யாரும் லாபம் கேட்பதில்லை. ஆனால் நீங்கள் கடிதத்தில் நான்கு இடத்தில் ‘முதலீடு’ என்று எழுதியிருப்பதால்தான் இவ்வளவு கணக்கு.

போட்டது 31,000 என்கிறீர்கள். கட்டணத்தைக் கழித்தால் சுத்தியல் விலை சுமார் 24,000. இன்றைக்கு அதே விலைக்கே எல்லாம் போனாலும் கையில் நிற்பது 19,700 சொச்சம். உங்கள் சேகரிப்பின் மதிப்பு என்று மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய எண் அதுதான். இன்னொரு பக்கம் 11,400 கடனில், வட்டியில்லாத கார்டில் இருக்கிற 3,200 போக, மீதி 8,200 மாதம் 164 பவுண்டை வட்டியாகத் தின்கிறது.

ஸூலு பதக்கத்துக்கு வருகிறேன், நீங்கள் அனுப்பிய இரண்டு போட்டோவை வைத்து. 1877-79 தென்னாப்பிரிக்கப் பதக்கம், 1879 கிளாஸ்ப் (பதக்கத்தின் மேல் மாட்டுகிற ஆண்டுப் பட்டை), 24-ஆம் ரெஜிமெண்ட் சிப்பாய் ஒருவரின் பெயர். 1879 ஜனவரி 22-ல் இசண்டல்வானாவில் இருந்த அந்த ரெஜிமெண்ட் வீரர்களை ஸூலு படை ஏறக்குறைய முழுக்க அழித்தது, அன்று பிற்பகலில் தொடங்கி இரவு முழுக்க ரோர்க்ஸ் டிரிஃப்ட் ராணுவ முகாமைக் காத்த சண்டைக்கு 11 விக்டோரியா கிராஸ் கொடுத்தார்கள். அதனால் அந்த ரெஜிமெண்ட் பெயர் பொறித்த பதக்கத்துக்கு, அதே வார்ப்பு அதே வெள்ளி உள்ள சாதாரண ஸூலு போர் பதக்கத்தைவிடப் பல மடங்கு விலை. விலை முழுக்க விளிம்பில் இருக்கிற ஒற்றை வரிப் பெயரில்தான் இருக்கிறது. அப்படியென்றால் பித்தலாட்டமும் அங்கேதான் நடக்கும். பழைய பெயரை அரத்தால் தேய்த்து எடுத்துவிட்டுப் புதுப் பெயர் பொறிப்பார்கள். தேய்த்த இடத்தில் விட்டம் ஒரு மயிரிழை குறையும், காலிப்பர் என்ற அளவுகருவியை வைத்து ஏழெட்டு இடத்தில் அளந்தால் மாட்டிக்கொள்ளும். கிளாஸ்ப்பும் அப்படியே. ஸூலு நாட்டின் எல்லையான டுகெலா ஆற்றைத் தாண்டாமல் பிரிட்டிஷ் வசம் இருந்த நேட்டால் பக்கமே இருந்தவர்களுக்குக் கிளாஸ்ப் இல்லாத பதக்கம்தான் கொடுத்தார்கள், அதில் ஒரு 1879-ஐக் கொண்டுவந்து மாட்டிவிட்டால் விலை மாறிவிடும். கிளாஸ்ப்பைப் பிடித்திருக்கிற ரிவெட் ஆணியைப் பூதக்கண்ணாடியில் பார்க்க வேண்டும், போட்டோவில் தெரியாது.

‘லண்டன் கியூவில் இருக்கிற தேசிய ஆவணக் காப்பகத்துப் பதக்கப் பட்டியலில் பெயர் இருக்கிறதாம்’ என்று மச்சான் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இருக்கட்டும். அந்தச் சிப்பாய்க்கு ஒரு பதக்கம் உரியது என்றுதான் பட்டியல் சொல்லும், மச்சானின் நண்பர் கையில் இருக்கிற பதக்கம் அதுதான் என்று சொல்லாது. பொய்யாகப் பெயர் பொறிக்கிறவனும் முதலில் அந்தப் பட்டியலைத்தான் பார்ப்பான்.

சரி, அசலே என்று வைத்துக்கொள்வோம். 20,000 பவுண்டு, 5 சதவீதம், 20 வருடம்: மாதம் 132, கட்டி முடிக்கும்போது 31,700 ஆகியிருக்கும். கடன் உங்கள் பெயரில், அடமானம் நீங்கள் குடியிருக்கிற வீடு, லாபத்தில் பாதி மட்டும் 2,000 போட்டவருக்கு. நஷ்டம் வந்தால் அதில் அவர் பாதி எடுப்பாரா என்று கேட்டீர்களா? கேட்கவில்லை, ஏனென்றால் மனைவியின் அண்ணனிடம் அதைக் கேட்க முடியாது. கேட்க முடியாத கேள்வி இருக்கிற இடத்தில் பணம் போடக் கூடாது என்பதை என்னிடம் வருகிற எல்லோருக்கும் சொல்கிறேன், அவர்களும் தலையாட்டிவிட்டுப் போய்ப் போடுகிறார்கள். மச்சானிடம் முகம் முறியாமல் சொல்ல வேண்டுமானால் ‘பேங்க்ல இப்போ தர மாட்டாங்க, கார்டுல பாக்கி இருக்கு’ என்று சொல்லுங்கள். அநேகமாக அது உண்மையாகவும் இருக்கும்.

வரி விஷயத்தில் அவர் பாதி கேள்விப்பட்டிருக்கிறார். வீரத்துக்காகக் கொடுத்த விருதை விற்றால் மூலதன ஆதாய வரி கிடையாது என்று பிரிட்டிஷ் சட்டத்தில் இருப்பது நிஜம், ஆனால் அதைக் காசு கொடுத்து வாங்காதவருக்குத்தான். தாத்தாவின் மிலிட்டரி மெடல் (அது வீர விருது) பேரனுக்கு வந்து அவன் விற்றால் வரி இல்லை. நீங்கள் ஏலத்தில் எடுத்து விற்றால் அந்தச் சலுகை இல்லை. ஸூலு பதக்கமோ வீர விருதே கிடையாது, போரில் இருந்த எல்லோருக்கும் கொடுத்தது. சாதாரணமாக ஒரு பொருளை 6,000 பவுண்டு வரை விற்றால் இந்த வரித் தொல்லை வராது, உங்கள் ஜோடிகள் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். 22,000 பவுண்டுச் சாமான் அடங்காது. ஆதாயம் வந்தால் வருடச் சலுகை 3,000 போக மீதிக்கு 18 அல்லது 24 சதவீதம். இதையே வழக்கமாக வாங்கி விற்கிறீர்கள் என்றால் வியாபாரம் என்று வருமான வரியே கேட்பார்கள், அது வேறு தலைவலி.

என்ன செய்யலாம்? முதலில் அந்தத் தங்கமுலாம் பூசிய ‘லிமிடெட் எடிஷன்’ பெட்டிகள், மூன்று இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மாதாமாதம் ஒன்று வருகிற சந்தாவை இன்றைக்கே நிறுத்துங்கள். சான்றிதழும் வெல்வெட்டும்தான் விலை, உள்ளே இருப்பது முலாம் பூசிய மலிவு உலோகம். இந்தச் சங்கதி புதுசும் இல்லை. 1739-ல் பிரிட்டிஷ் அட்மிரல் வெர்னன் ஸ்பானியத் துறைமுகமான போர்ட்டோ பெல்லோவைப் பிடித்ததும் இங்கிலாந்தில் மலிவு உலோகத்தில் நினைவுப் பதக்கங்களாக அடித்துத் தள்ளினார்கள். அந்த வேகத்தில் 1741-ல் கார்த்தஹேனாவையும் பிடித்துவிட்டார் என்று பதக்கம் போட்டார்கள், அங்கே அவர் தோற்றுத் திரும்பினார். அதிலாவது சரித்திரம் இருக்கிறது, இன்றைக்கும் ஆசையாக வாங்குகிறார்கள். உங்கள் பெட்டிகளை வாங்க ஆள் கிடைத்தால் வந்த விலைக்குக் கொடுத்துவிடுங்கள். பழைய பதக்கத்தில் பங்கு வாங்கலாம் என்று ஃபோனில் ஆப் விளம்பரம் வருகிறதாமே, அது உங்களுக்கு வேண்டாம். கையில் எடுத்துப் பார்க்கவும் முடியாது, நினைத்தபோது விற்கவும் முடியாது.

அப்புறம் முதல் உலகப்போர் ஜோடிகள். உங்களிடம் இருக்கிற நாற்பது ஜோடி எதற்கு? வெள்ளியில் அடித்த பிரிட்டிஷ் வார் மெடல் 60 லட்சத்துக்கு மேல் கொடுத்தது, அபூர்வம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொன்றின் விளிம்பிலும் எண், பதவி, பெயர், படைப்பிரிவு இருப்பதால் அந்தந்த ஊரிலும் குடும்பத்திலும் தேடுகிறவர்கள் உண்டு. உங்களிடம் உள்ள லெஸ்டர்ஷயர் ரெஜிமெண்ட் பதக்கங்களை ஏலத்துக்கு அனுப்பாமல், உங்கள் ஊர்ப் பக்கத்துப் பதக்கக் கண்காட்சிகளிலும் சேகரிப்பாளர் சங்கத்திலும் நேரே விற்றுப் பாருங்கள், கமிஷன் மிச்சம். ஒருவரின் பதக்கங்கள் மூன்று நான்கு சேர்ந்து இருந்தால் பிரித்து விற்காதீர்கள், பிரித்த தொகுப்பை மறுபடி சேர்ப்பது லேசில்லை, விலையும் போய்விடும். வெள்ளி விலை ஏறியிருக்கிறதே என்று உருக்குகிறவரிடம் எடை போட்டுக் கொடுப்பதும் வேண்டாம். 1980-ல் அப்படித்தான் ஏராளமான வார் மெடல்கள் உருகிப் போயின, ஜோடி இல்லாமல் தனியாகத் திரிகிற வெண்கல விக்டரி மெடல்களில் பலவற்றுக்கு அதுதான் காரணம்.

ஏலத்திலேயே போனாலும் 6,700 பவுண்டுக்குச் சுத்தியல் விழுகிற அளவு கொடுத்தால் 5,500 கைக்கு வரும். மீதி 5,900-ஐக் கடைசியாக ஒரு தடவை வட்டியில்லாத கார்டுக்கு மாற்றுங்கள், கட்டணத்தோடு 6,077, பதினெட்டு மாதத்தில் கட்ட மாதம் 338. இப்போது வட்டிக்கு 164, புதுப் பதக்கத்துக்குச் சராசரி 250 என்று மாதம் 414 போய்க்கொண்டுதான் இருக்கிறது, ஆகவே புதுசாக எங்கேயும் வெட்ட வேண்டியதில்லை. பாக்கியை மாற்றின அன்றே பழைய மூன்று கார்டையும் ரத்து செய்யுங்கள். கத்தரித்துப் போட்டால் போதாது, ஏலத் தளங்களில் கார்டு எண் பதிவாகி இருக்கும். அந்தத் தளங்களில் உங்கள் கணக்கையும் மூடச் சொல்லுங்கள். மகன் கல்லூரிக்குக் கிளம்பும் முன் கடன் முடிந்திருக்கும்.

மனைவியிடம் 11,400 என்ற எண்ணைச் சொல்ல வேண்டியது நீங்கள். பாதிச் சேகரிப்பு அலமாரியிலிருந்து காணாமல் போகும்போது எப்படியும் கேட்பார், அவர் அண்ணனும் வாய் திறக்காமல் இருக்கப் போவதில்லை. விற்பனைக்குப் பட்டியல் போடும் முன்பே சொல்லிவிடுங்கள்.

கடைசியில் ஸ்ரீரங்கப்பட்டணப் பதக்கம் ஒன்று வாங்குவது கனவு என்றும் எழுதியிருந்தீர்கள். அந்த ஆசை எனக்குப் புரிகிறது. 1799-ல் திப்புவை வீழ்த்தியதற்குக் கிழக்கிந்தியக் கம்பெனி போட்டது, புலியைச் சிங்கம் அமுக்குகிற படம், பதவிக்கு ஏற்றபடி தங்கத்திலிருந்து தகரம் வரை. மதராஸ் படைச் சிப்பாய்களுக்குக் கிடைத்தது தகரம். கடன் முடிந்த மறு மாதத்திலிருந்து அந்த 338-ல் 100-ஐத் தனிக் கணக்கில் போடுங்கள், சேர்ந்த காசுக்கு எந்த உலோகத்தில் கிடைக்கிறதோ அதை வாங்குங்கள், ரசீது போட்டுக் கொடுக்கிற வியாபாரியிடம்.

பாலிஷ் போடாதீர்கள். நூறு வருடத்தில் வெள்ளியில் படிந்த கருமையைத்தான் சேகரிப்பாளர்கள் தேடுகிறார்கள், தேய்த்தால் பெயர் எழுத்தின் விளிம்பும் மழுங்கும், மேலே நான் சொன்ன காலிப்பர் ஆசாமி உங்களையே சந்தேகப்படுவார். ரிப்பன் நைந்திருந்தாலும் மாற்ற வேண்டாம்.