தள்ளிவிட்டால் ஓடும் கார்: மோட்டார் மேல் பழி போடாதீர்கள்

கேள்வி: பழைய 1/10 அளவு ஆர்சி கார் (ரிமோட்டில் ஓடும் பொம்மைக் கார்) ஒன்று வாங்கினேன். சென்சார் இல்லாத பிரஷ்லெஸ் மோட்டார், 2எஸ் (இரண்டு செல் கொண்ட) லிப்போ பேட்டரி. நின்ற இடத்திலிருந்து திராட்டிலை (வேகம் கூட்டும் விசையை) கொடுத்தால் கீச்சிட்டு உதறுகிறது. கையால் லேசாகத் தள்ளிவிட்டால் பறக்கிறது. விற்றவரோ மோட்டார் போய்விட்டது, ஈஎஸ்சியோடு (மோட்டாருக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் கருவி) சேர்த்துப் புது செட் வாங்குங்கள் என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். முழு வேகத்தில் ஒழுங்காக ஓடும் மோட்டாரின் காயில் எரிந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. இந்த உதறலுக்குப் பெயர் காகிங். மோட்டார் சுழலும்போது அது திருப்பி உண்டாக்கும் மின்னழுத்தத்தை வைத்துத்தான் காந்தம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஈஎஸ்சி தெரிந்துகொள்கிறது. நின்ற மோட்டாரில் அந்த மின்னழுத்தமே கிடையாது. அதனால் ஈஎஸ்சி குருட்டாம்போக்கில் உந்திப் பார்க்கிறது, தப்பினால் உதறுகிறது. நீங்கள் தள்ளியதும் அதற்குக் கண் தெரிந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் இப்போதே நிறுத்துங்கள். உதறும்போது திராட்டிலை அமுக்கிப் பிடிக்காதீர்கள். சுழலாத மோட்டாருக்குள் கரண்ட் பாய்ந்தால் சூடுதான் மிச்சம். நல்ல ஈஎஸ்சி எரிவது பெரும்பாலும் இப்படித்தான்.

முதலில் மோட்டாருக்குப் போகும் மூன்று வயர்களைப் பாருங்கள். வயர்களை இணைக்கும் உருண்டை முனை, அதாவது புல்லட் கனெக்டர் ஒன்று லூசாக இருந்தாலே போதும். ஒவ்வொன்றாக ஆட்டிப் பாருங்கள். சால்டர் பளபளப்பாக இல்லாமல் மங்கிப்போய்ச் சொரசொரவென்று இருந்தால் மறுபடி சால்டர் வையுங்கள்.

அடுத்தது பேட்டரி. என் சந்தேகம் இங்கேதான். சார்ஜ் நிறைந்திருக்கும்போது குறைவாக உதறி, இறங்க இறங்க அதிகமானால் பேட்டரியோ அதன் கனெக்டரோதான் குற்றவாளி. லேபிளை நம்பாதீர்கள். 5000 எம்ஏஎச் (அதாவது 5 ஆம்பியர்-மணி), 50சி (அதைப் போல 50 மடங்கு) என்று போட்டால் 250 ஆம்பியர் தரும் என்று அர்த்தம். அதே பேட்டரியின் முனையில் எக்ஸ்டி60 கனெக்டர் தொங்கும், அதுவோ 60 ஆம்பியருக்கென்று செய்த சாமான். இந்த எண்களை வாய்க்கு வந்தபடி அச்சடிக்கிறார்கள், கேட்பார் இல்லை! நல்ல பேட்டரி ஒன்றை நண்பரிடம் இரவல் வாங்கி ஓட்டிப் பாருங்கள். காசு செலவில்லாத சோதனை.

பேட்டரியும் சரி என்றால் பல் சக்கரம். முன்பு ஓட்டியவர் வேகத்துக்கு ஆசைப்பட்டுப் பெரிய பினியன் (மோட்டார் தண்டில் மாட்டும் பல் சக்கரம்) மாட்டியிருப்பார். இரண்டு பல் குறைத்துப் போடுங்கள், கிளம்பும் பாரம் குறையும். ஈஎஸ்சியில் டைமிங்கையும் (காயிலுக்கு எவ்வளவு முன்கூட்டியே கரண்ட் கொடுப்பது என்ற செட்டிங்) ஒரு படி இறக்குங்கள்.

அப்புறம், சென்சார் இல்லை என்று உங்களுக்கு யார் சொன்னது? விற்றவர்தானே? மோட்டாரின் பின்பக்கத்தைப் பாருங்கள். 6 முனை கொண்ட ஒரு குட்டி சாக்கெட் இருந்தால் அது காந்தம் எந்தப் பக்கம் என்று தானே ஈஎஸ்சிக்குச் சொல்லும் சென்சார் மோட்டார். பழைய கார்களில் அந்த மெல்லிய கேபிள் அறுந்தோ காணாமலோ போயிருக்கும். கேபிள் இல்லாவிட்டாலும் பல ஈஎஸ்சிகள் ஓட்டிவிடும், ஆனால் நீங்கள் எழுதியதைப் போலவே உதறிக்கொண்டு. ஈஎஸ்சியிலும் அதே சாக்கெட் இருந்தால் கேபிள் மட்டும் வாங்கினால் போதும். மாட்டும்போது மோட்டாரின் ஏ, பி, சி என்ற மூன்று வயர்களும் ஈஎஸ்சியில் அதே எழுத்துக்குத்தான் போக வேண்டும். சென்சார் இல்லாத மோட்டாரில் கார் பின்னால் போனால் இரண்டு வயரை மாற்றிப் போடுவோமே, அந்த வேலையை இங்கே செய்யவே கூடாது. சென்சார் ஒன்று சொல்ல, காயில் வேறு பக்கம் இழுக்கும். திசை மாற்ற வேண்டுமென்றால் ஈஎஸ்சி செட்டிங்கில் மாற்றுங்கள்.

சாக்கெட்டே இல்லையென்றால், இத்தனையும் செய்த பிறகும் ஆமை வேகத்தில் கொஞ்சம் திக்கத்தான் செய்யும். அது அந்த வகை மோட்டாரின் பிறவிக் குணம். திராட்டிலைத் தடவிக் கொடுக்காமல் ஒரு தட்டு தட்டிக் கிளப்புங்கள்.