முதல் ஹெலிக்கு எதில் காசைக் குறைக்கலாம்?
வணக்கம் நண்பரே. 450 என்ற அளவு வகையைச் சேர்ந்த ரிமோட் ஹெலிகாப்டர் மாடலை முதல்முறை கட்டுகிறீர்கள், பட்ஜெட் இடிக்கிறது, எதில் குறைக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். மோட்டாரிலும் பேட்டரியிலும் தாராளமாகக் குறைத்துக்கொள்ளுங்கள். 3 செல், 2200 எம்ஏஎச் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி சாதாரணமானதே போதும்.

வால் சர்வோவில், அதாவது வால் பிளேடின் கோணத்தை மாற்றும் சிறு மோட்டாரில் மட்டும் கை வைக்காதீர்கள். வால் தானாகத் திரும்பாமல் பார்த்துக்கொள்ளும் கைரோ எவ்வளவு நல்லதானாலும் சர்வோ மந்தமாக இருந்தால் வால் ஆடிக்கொண்டேதான் இருக்கும். அனலாக் சர்வோவுக்குக் கைரோவில் சிக்னல் வேகத்தை 333 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 333 முறை) என்று வைத்துவிட்டால் சூடேறிக் கருகிவிடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பிஇசி, அதாவது ரிமோட் சிக்னலை வாங்கும் ரிசீவருக்கும் சர்வோக்களுக்கும் மின்சாரம் தரும் சுற்று. என் முதல் ஹெலியில், மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இஎஸ்சிக்குள்ளேயே இருந்த 2 ஆம்பியர் பிஇசியை நம்பினேன். நான்கு டிஜிட்டல் சர்வோவும் ஒரே நேரத்தில் இழுத்ததும் மின்னழுத்தம் சரிந்து, ரிசீவர் அணைந்து, ஹெலி கல்லைப் போல விழுந்தது. நீங்கள் தனியாக 5 ஆம்பியர் ஸ்விட்சிங் பிஇசி போட்டுவிடுங்கள். உள்ளே இருக்கும் பிஇசி இதோடு மோதாமலிருக்க, இஎஸ்சியிலிருந்து ரிசீவருக்குப் போகும் பிளக்கில் சிவப்பு வயரை மட்டும் எடுத்துவிட வேண்டும்.

பறக்கவிடும் முன் பிளேடைக் கழற்றி, மோட்டார் வயர்களையும் பிடுங்கிவிட்டு, ரிமோட்டின் இரண்டு ஸ்டிக்கையும் ஒரு நிமிடம் வேகவேகமாக ஆட்டுங்கள். ரிசீவர் விளக்கு ஒருமுறைகூட அணையக் கூடாது. அணைந்தால் எந்த சர்வோ வாங்கினீர்கள் என்று இங்கே எழுதுங்கள், பார்க்கலாம்.