கல்யாணம் ஆகவில்லை, அப்பாவாகப் போகிறேன்: என் உரிமை என்ன?

கேள்வி: எனக்கு 29 வயது. திருமணமாகிப் பிரிந்த தோழியும் நானும் இரண்டு வருடமாகச் சேர்ந்து வாழ்கிறோம். இருவரும் இந்துக்கள். அவருக்கு இப்போது ஐந்தாவது மாதம். குழந்தைக்கு நான்தான் அப்பா என்று சட்டப்படி உறுதி செய்வது எப்படி? ஸ்டாம்ப் பேப்பரில் ஒப்பந்தம் எழுதி நோட்டரியிடம் சீல் வாங்கினால் போதும் என்று தெரிந்த ஒருவர் சொல்கிறார்.

பதில்: முதலில் அந்த ஸ்டாம்ப் பேப்பரைத் தள்ளி வையுங்கள். கையெழுத்துப் போட்டது நீங்கள்தான் என்பதற்கு மட்டுமே நோட்டரி சீல் சாட்சி. அதனால் திருமணமும் ஆகாது, தகப்பன் உரிமையும் வராது. கோர்ட் வாசலில் இதற்கென்றே ஆள் நிற்பார்கள். முன்தேதி போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். அது போலி ஆவணம். நாளைக்கு மாட்டப்போவது நீங்கள், காசு வாங்கியவர் அல்ல.

இப்போது நீங்கள் போகிற போக்கில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். தோழியிடம் விவாகரத்துத் தீர்ப்பு இருக்கிறதா, இல்லை சும்மா தனியாக வாழ்கிறாரா? எல்லாமே இதில்தான் இருக்கிறது. திருமணம் சட்டப்படி நீடிக்கும்போது பிறக்கும் குழந்தை அந்தக் கணவருடையது என்றே சட்டம் கொள்ளும். விவாகரத்துக்குப் பிறகு தாய் மறுமணம் செய்யாமல் 280 நாட்களுக்குள் குழந்தை பிறந்தாலும் அதே கதைதான். கருத்தரித்த காலத்தில் கணவனும் மனைவியும் சேர வாய்ப்பே இல்லை என்று நிரூபித்தால்தான் விலக்கு. ஒரே ஊரில் தனித்தனி வீடு என்பது போதாது. அந்தக் கணவர் அப்போது வெளிநாட்டில் இருந்தார் என்றால் பாஸ்போர்ட் முத்திரை உதவும். நினைத்தவுடன் டிஎன்ஏ பரிசோதனை கேட்கவும் முடியாது. உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில்கூட இதை உறுதி செய்தது. பழைய சாட்சியச் சட்டத்தில் இது 112-ஆவது பிரிவு, 2024 ஜூலையிலிருந்து புதுச் சட்டத்தில் 116. எண்ணை மாற்றியவர்கள் 1872-ஆம் வருடத்துச் சிந்தனையை அப்படியே விட்டுவிட்டார்கள்.

விவாகரத்துத் தீர்ப்பு வந்து, மேல்முறையீட்டுக்கான 90 நாளும் தாண்டியிருந்தால், இருவருக்கும் சம்மதம் என்றால் பிரசவத்துக்கு முன்பே கல்யாணம் செய்து பதிவு செய்யுங்கள். உங்கள் மனைவிக்குப் பிறக்கும் குழந்தை உங்கள் குழந்தை, சட்டத்தின் கண்ணிலும். சிறப்புத் திருமணச் சட்டப்படி என்றால் 30 நாள் நோட்டீஸ் உண்டு, அதனால் தள்ளிப்போடாதீர்கள்.

கல்யாணம் இல்லாமல் குழந்தை பிறந்தால், 1956-ஆம் வருடத்து இந்து இளவர் மற்றும் பாதுகாவலர் சட்டப்படி இயற்கைப் பாதுகாவலர் (கோர்ட் நியமிக்காமலே சட்டம் ஏற்கும் பாதுகாவலர்) தாய்தான், அவருக்குப் பிறகே நீங்கள். திருமணமாகாத தாய், தந்தைக்குத் தெரிவிக்காமலே பாதுகாவலர் உரிமை கோரலாம் என்று 2015-இல் தீர்ப்பே வந்துவிட்டது. குழந்தையைப் பார்க்கும் உரிமை வேண்டும் என்றால் குடும்ப நல நீதிமன்றம் போகலாம், ஆனால் பொறுமை வேண்டும். பொறுப்பு மட்டும் காத்திருக்காது. திருமணம் ஆனதோ இல்லையோ, குழந்தைக்கு ஜீவனாம்சம் தர வேண்டும். சொத்தில் பங்கு தானாக வராது, உயில் எழுதுங்கள்.

பிறப்பைப் பதிவு செய்ய 21 நாள் கெடு. ஆஸ்பத்திரி படிவத்தில் தந்தை பெயர் என்ன எழுதப்படுகிறது என்று தோழியுடன் இப்போதே பேசி வையுங்கள். செலவுக்குக் கொடுக்கும் பணத்தை வங்கி வழியாகவே அனுப்பி, ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.