உழுது பாழான நிலத்தை அரசே வாங்கி மறுபடி புல்வெளியாக்க முடியுமா?

முடியும். அமெரிக்காவில் செய்தே காட்டியிருக்கிறார்கள்.

கோதுமை விலையை நம்பி கான்சாஸ், கொலராடோ சமவெளிகளில் புல்தரையை உழுதுபோட்டார்கள். 1930-களில் மழை பொய்த்ததும் மேல்மண் புழுதிப்புயலாகப் பறந்தது. வேலியோரம் குவிந்த மண்ணில் கம்பங்களே புதைந்தன. விளையாத நிலத்தை அரசு விலைக்கு வாங்கத் தொடங்கியது. 1937-இல் பேங்க்ஹெட்-ஜோன்ஸ் சட்டம் அதற்கு வலு சேர்த்தது. வாங்கிய இடத்தில் புல் விதைத்தார்கள். 1954-இல் வனத்துறை பொறுப்பேற்றது, 1960-இல் ‘தேசியப் புல்வெளி’ என்று பெயரிட்டார்கள். இன்று 20 இருக்கின்றன. அக்கம்பக்கத்து விவசாயிகள் அனுமதி பெற்று, கட்டணம் கட்டி மாடு மேய்க்கிறார்கள்.

எனக்கு உறுத்துவது ஒன்றுதான்: சீக்கிரம் முளைக்கிறதே என்று பல இடங்களில் ஆசியாவிலிருந்து வந்த கொண்டைக் கோதுமைப்புல்லை விதைத்துவிட்டார்கள். மண் நின்றது. ஆனால் அது அடர்ந்த இடத்தில் நாட்டுப்புல் தலையெடுக்க இன்றும் திணறுகிறது. நீங்கள் தொடங்குவதானால் உள்ளூர்ப் புல்விதையை முதலில் சேகரியுங்கள்.