சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம்

கேள்வி: எனக்கு 36 வயது. ஈரோட்டில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். என் அம்மா தொலைக்காட்சியில் மதியம் வரும் சமையல் நிகழ்ச்சிகளை நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்து பார்த்தே பல பலகாரங்களைக் கற்றுக்கொண்டவர். நானும் ஐந்து ஆண்டுகளாக வாரக் கடைசியில் வரும் சமையல் போட்டிகளை ஒன்றுவிடாமல் பார்க்கிறேன். ஒரு குழம்புகூட உருப்படியாக வைக்கத் தெரியவில்லை. எங்கள் அத்தை தங்கமானவர். நாங்கள் நிகழ்ச்சி பார்க்கும்போது மிக்ஸி சத்தம் தொந்தரவாக இருக்கக் கூடாதென்று அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு, தோசையைச் சுடச்சுடக் கொண்டுவந்து கொடுப்பார். சென்ற மாதம் நாத்தனாரின் பிரசவத்துக்காக அவர் 15 நாள் போயிருந்தார். சளி பிடித்திருந்த என் மகள் கொள்ளு ரசம் கேட்டாள். நான் வைத்ததை ஒரு வாய்க்கு மேல் அவளால் குடிக்க முடியவில்லை. “அஞ்சு வருஷமா சமையல் நிகழ்ச்சி பார்த்து என்ன பிரயோஜனம்?” என்று கணவர் கேட்டுவிட்டார். அன்று இரவு முழுவதும் அழுதேன். கற்றுக்கொடுப்பதை விட்டுவிட்டு வெறும் கூத்தடித்துத் தொலைக்காட்சிக்காரர்கள் எங்களை ஏமாற்றுகிறார்கள் அல்லவா? முறையாகக் கற்றுத்தரும் நிகழ்ச்சி இப்போது எது?

— வாசகி, ஈரோடு

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்களை யாரும் ஏமாற்றவில்லை. இந்தக் குறையைச் சொல்லி எனக்கு வரும் கடிதங்களில் ஊரும் வயதும்தான் மாறுகின்றன. அம்மா பார்த்துக் கற்றார், நான் பார்த்தும் கற்கவில்லை, ஆகவே தொலைக்காட்சி கெட்டுவிட்டது என்ற முடிவு மட்டும் மாறுவதே இல்லை. அதில் பாதி உண்மை இருக்கிறது. நீங்கள் கேட்டது அந்தப் பாதியைப் பற்றி என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கேட்காத மறுபாதியைப் பற்றித்தான் நான் அதிகம் பேசப்போகிறேன்.

உங்கள் அம்மா பார்த்த நிகழ்ச்சியில் ஒரு மேடையும் ஓர் அடுப்பும் கிண்ணங்களில் அளந்து வைத்த பொருள்களும் இருந்தன. அவற்றின் அளவை நிதானமாகச் சொல்லிக்கொண்டே சமைக்கும் ஒருவர் இருந்தார். மல்லிகா பத்ரிநாத்தும் ரேவதி சண்முகமும் இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளில் தமிழ் வீடுகளுக்குச் சமையல் சொல்லிக்கொடுத்தவர்கள். இந்தியில் ஜீ தொலைக்காட்சி 1993-இல் தொடங்கிய சஞ்சீவ் கபூரின் கானா கசானா இதே வகையைச் சேர்ந்தது; அமெரிக்காவில் 1963-இல் பாஸ்டன் நகரத்துப் பொதுத் தொலைக்காட்சி நிலையத்திலிருந்து ஜூலியா சைல்ட் பிரெஞ்சுச் சமையல் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியதும் இதே வகைதான். ஒருமுறை அவர் வாணலியில் இருந்த உருளைக்கிழங்கு அடையைத் தூக்கித் திருப்பியபோது அதில் ஒரு பகுதி அடுப்பின் மேல் விழுந்துவிட்டது. அவர் அதை எடுத்து வாணலியிலேயே சேர்த்துவிட்டு, தேவையான துணிச்சலோடு திருப்பாததால்தான் இப்படி ஆயிற்று என்று சொல்லிவிட்டு மேலே சமைத்தார். அந்த நிகழ்ச்சியில் தவறுகூடப் பாடமாக இருந்தது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

அதே 1993-இல் ஜப்பானில் தொடங்கிய அயர்ன் செஃப், ஒரு மணி நேரக் கெடுவுக்குள் சமையல்காரர்கள் மோதிக்கொள்ளும் களமாக அடுப்பங்கரையை மாற்றிக் காட்டியது. பிரிட்டனில் 1990-இல் பிறந்த மாஸ்டர்செஃப், 2009-இல் ஆஸ்திரேலியாவில் வாரத்தின் பெரும்பாலான இரவுகளில் ஒளிபரப்பாகும் தொடராக வளர்ந்து, மறு ஆண்டே இந்தியில் வந்தது. தமிழில் 2021-இல் சன் தொலைக்காட்சியில் விஜய் சேதுபதி அதைத் தொகுத்து வழங்கினார். அதற்கு முன்பே, 2019 நவம்பரில், விஜய் தொலைக்காட்சி குக்கு வித் கோமாளியைத் தொடங்கியிருந்தது. பாடம் போட்டியாக மாறியதற்குக் காரணம் விளங்காத ஒன்றல்ல. மதியத்தில் அடுப்பைப் பற்றவைக்கப் போகிறவர் பார்த்தால் போதும்; இரவிலோ ஒருநாளும் அடுப்பைப் பற்றவைக்காதவரும் குழந்தைகளும் சேர்ந்து பார்த்தாக வேண்டும். அவர்களை உட்காரவைக்க உப்பின் அளவு உதவாது, யார் வெல்வார் யார் வெளியேறுவார் என்ற தவிப்புதான் உதவும். அளவு தேவைப்பட்டவர்களுக்கோ கைப்பேசி வந்துவிட்டது. வேண்டிய நேரத்தில் வேண்டிய குறிப்பை எடுத்து, நிறுத்தி நிறுத்திப் பார்க்கிற காலத்தில் மதியம் இரண்டு மணிக்காக யார் காத்திருப்பார்கள்?

எனவே ஆசிரியர்கள் மறையவில்லை, இடம் மாறியிருக்கிறார்கள். குக்கு வித் கோமாளியின் நடுவர் நாற்காலியில் நீங்கள் பார்த்த தாமுவும் வெங்கடேஷ் பட்டும் அதற்கு முன்பு பல ஆண்டுகள் அதே சின்னத்திரையில் கரண்டிக் கணக்குச் சொல்லிக் கற்றுக்கொடுத்தவர்கள். போட்டியில் நடுவராக இருந்த காலத்திலும் பட் தம்முடைய யூடியூப் அலைவரிசையில் ஒவ்வொரு உணவாகப் பொறுமையுடன் சொல்லிக்கொடுத்துக்கொண்டுதான் இருந்தார். ஆகையால் நிகழ்ச்சி இல்லாத காரணத்தால் நீங்கள் கற்கவில்லை என்பது நிற்காது. நீங்கள் பார்த்த நிகழ்ச்சி தன்னைப் பற்றிப் பொய் சொல்லவும் இல்லை. பெயரிலேயே கோமாளியை வைத்திருக்கிறது. சமைக்கத் தெரிந்த ஒருவருடன் சமைக்கத் தெரியாத ஒருவரை இணைத்து, அந்தத் தெரியாமையிலிருந்து சிரிப்பை எடுப்பது அதன் அமைப்பு. கொரோனாவின் நெருக்கடியில் எத்தனையோ வீடுகள் அந்தச் சிரிப்பால் மூச்சுவிட்டன என்பதை நான் மறுக்க மாட்டேன். எங்கள் வீடும் அவற்றில் ஒன்று. ஆனால் அந்தக் கோமாளி எங்கே நிற்கிறார் என்று கவனித்தீர்களா? அவருக்கு ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். வெங்காயத்தைக் கோணல்மாணலாக நறுக்கலாம். இருந்தாலும் சமைப்பவருக்கு அருகில், அதே அடுப்பின் சூட்டில், அவர் கேட்டதை எடுத்துக் கொடுத்துக்கொண்டு நிற்கிறார். நீங்கள் ஐந்து ஆண்டுகளாக எங்கே உட்கார்ந்திருந்தீர்கள்?

உங்கள் கடிதத்தை நான் மூன்று முறை படித்தேன். கணவரின் சொல் உங்களைக் காயப்படுத்தியது என்பதற்கு நான்கு வரி எழுதியிருந்தீர்கள், இங்கே இடம் கருதிச் சுருக்கியிருக்கிறேன். அத்தைக்குக் கிடைத்தது “தங்கமானவர்” என்ற ஒரு சொல்லும், அதற்குச் சான்றாக ஒரு வாக்கியமும். அவர் மிக்ஸி சத்தம் உங்களுக்குக் கேட்கக் கூடாதென்று கதவைச் சாத்திக்கொள்கிறார். சமையல் நிகழ்ச்சி பார்க்கும் குடும்பத்துக்கு, தன் வீட்டில் சமையல் நடக்கும் சத்தம் தொந்தரவாக இருக்கிறது! இதை எழுதும்போது உங்கள் கை ஒரு நொடியும் நிற்கவில்லையே என்பதுதான் என் வருத்தம். திரையில் யாரோ அரைப்பதையும் தாளிப்பதையும் மூச்சுவிடாமல் பார்த்தீர்கள். உங்களுக்காக அரைத்துத் தாளித்தவருக்கும் உங்களுக்கும் நடுவே ஒரு மரக்கதவு இருந்தது. எந்த நிகழ்ச்சி கற்றுத்தரும் என்று என்னிடம் கேட்கிறீர்கள். அந்தக் கதவைத் தாண்டிப் பத்தடி நடக்க ஐந்து ஆண்டுகளில் ஒரு சனிக்கிழமைகூடத் தோன்றவில்லையா?

இன்னொன்றும் கேட்கிறேன். நிகழ்ச்சி முடியும்வரை அவர் ஒவ்வொரு தோசையாகக் கொண்டுவந்து கொடுக்கிறார் என்றால், அவர் எப்போது சாப்பிடுகிறார்? கடிதத்தில் அது இல்லை. சமைத்தவர் கடைசியில், தனியாக, ஆறியதைச் சாப்பிடுகிற வீட்டை நான் நல்ல வீடு என்று சொல்ல மாட்டேன். இந்தப் பகுதியில் எத்தனையோ முறை சொல்லி ஏச்சு வாங்கியிருக்கிறேன், இன்னும் சொல்வேன். ஒருவர் குறை சொல்லாமல் உழைக்கிறார் என்பது மற்றவர்கள் உட்கார்ந்திருப்பதற்கு அனுமதிச் சீட்டு ஆகாது. தங்கமானவர் என்று நாம் பெரும்பாலும் யாரைச் சொல்கிறோம்? நம்மிடம் எதையும் கேட்காதவரைத்தான்.

அவர் இல்லாத 15 நாளை எண்ணிப் பாருங்கள். உங்களுக்கு அது தவிப்பாக இருந்தது. அவர் ஓய்வெடுக்கவா போனார்? பிரசவித்த மகளுக்குப் பத்தியம் பார்க்கப் போனார். அதாவது ஓர் அடுக்களையிலிருந்து இன்னோர் அடுக்களைக்குப் போனார். பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டை எப்படிச் சேர்ப்பது, எதை எத்தனை நாள் ஒதுக்குவது என்ற கணக்கு அவரிடம் இருக்கிறது. இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் உங்கள் மகளுக்கு அது தேவைப்படும்போது அந்தக் கணக்கை எங்கே தேடப்போகிறீர்கள்? பெண்ணைப் பெற்றவளுக்கு இது கடமை என்று நான் நம்புகிறேன். பிள்ளையைப் பெற்றவளுக்கும் கடமைதான், மகன் பிறர் கையை எதிர்பார்க்காமல் வாழ வேண்டுமென்றால்.

கொள்ளு ரசத்துக்கு வருகிறேன். அதில் பெரிய வித்தை எதுவும் இல்லை, ஆனால் திரைக்குள் அடங்காத சில இடங்கள் உண்டு. கொள்ளை வாசம் வரும்வரை வறுக்க வேண்டும். எந்த வாசம் என்று அருகில் நின்றவருக்குத்தான் தெரியும். மற்றப் பருப்புகளைவிட அது வேக நேரமெடுக்கும். விரலால் நசுக்கிப் பார்த்தால்தான் வெந்ததும் வேகாததும் புலப்படும். தண்ணீரைத் தாராளமாக வைத்து வேகவிட்டு, வடித்த நீரை ரசத்துக்கு எடுத்துக்கொள்வார்கள். கொள்ளைக் கடைந்து சோற்றுக்கு வைத்துக்கொள்வார்கள், உங்கள் கொங்குப் பக்கத்து வீடுகளில் பரம்பரையாக நடப்பது இது. மிளகு, சீரகம், பூண்டுடன் ஒரு கரண்டி வெந்த கொள்ளையும் சேர்த்து அரைத்துக் கலக்கிய பிறகு, ரசம் நுரைத்துக் கூடி வரும்போது இறக்கிவிட வேண்டும், கொதிக்கவிட்டுவிடக் கூடாது. நீங்கள் எதைத் தவறவிட்டீர்கள் என்று எனக்குத் தெரியாது, அத்தை ஒரு வாய் குடித்ததும் சொல்லிவிடுவார். நேரக் கெடுவோடு ஓடும் போட்டி இந்தக் காத்திருப்பைக் காட்டாது. காட்டினால் நீங்களே வேறு அலைவரிசைக்கு மாற்றிவிடுவீர்கள்.

அச்சில் வந்த சமையல் பாடத்துக்கும் மூலம் உறவுதான். எஸ். மீனாட்சி அம்மாள் 1951-இல் வெளியிட்ட ‘சமைத்துப் பார்’, உறவினர்கள் ஓயாமல் குறிப்புக் கேட்டு, அவர் ஓயாமல் எழுதிக்கொடுத்துக்கொண்டிருந்ததிலிருந்து பிறந்தது. எல்லாவற்றையும் புத்தகமாகவே எழுதிவிடு என்று அவருடைய மாமா தூண்டினார். தலைமுறைகள் தாண்டி வீடுகளில் இருக்கும் அந்த நூலுக்குக் காரணம், அந்தக் குடும்பத்தில் கேட்பதற்குச் சிலர் இருந்தார்கள் என்பதே. உங்கள் வீட்டில் சொல்வதற்கு ஒருவர் இருக்கிறார். கேட்பதற்கு ஆள் இல்லை.

உங்கள் கணவருக்கும் இந்தப் பதிலைக் காட்டுங்கள். ஐந்து வருடம் பார்த்து என்ன பிரயோஜனம் என்று கேட்டவர், பிறந்தது முதல் அந்தத் தாயின் கையால் சாப்பிட்டு வருகிறார். தன் மகளுக்கு உடம்பு சரியில்லாத நாளில் அவர் ஏன் அடுப்பருகே வரவில்லை? அவரும் அதே சோபாவில் உட்கார்ந்து, அதே நிகழ்ச்சியைப் பார்த்து, அதே தோசையை வாங்கிச் சாப்பிட்டவர்தான். உங்களைக் கேட்கும் தகுதி அவருக்கு இருந்ததாக நான் நினைக்கவில்லை. ஆனால் அவர் தவறு உங்கள் தவறைக் கழித்துவிடாது, அழுகையும் கழித்துவிடாது.

நிகழ்ச்சியை நிறுத்துங்கள் என்று சொல்ல மாட்டேன். கைப்பேசியில் பிறகு பார்த்துக்கொள்ளலாம், அது ஓடிவிடாது. வரும் சனிக்கிழமை, அது தொடங்கும் நேரத்தில் அடுக்களைக்குள் போங்கள். கையில் ஒரு நோட்டும் ஓர் அளவுக் குவளையும் இருக்கட்டும். அத்தையிடம் மன்னிப்புக் கேட்டு அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம். “கண்ணளவு போட்டாப் போதும் சாமி” என்பார். அவர் அள்ளும்போது அந்தக் கையின் கீழே குவளையைப் பிடித்து, எவ்வளவு விழுந்தது என்று பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். முதல் நாள் உங்களை விரட்டுவார், நகராதீர்கள். மகளையும் மகன் இருந்தால் அவனையும் அழைத்துக்கொள்ளுங்கள், கணவர் பூண்டு உரிக்கட்டும். மாவு கரைத்து வைத்திருந்தால் முதல் தோசையை நீங்கள் ஊற்றி, அத்தையை உட்காரவைத்து அவர் தட்டில் போடுங்கள்; பிய்ந்திருந்தாலும் அவர் சாப்பிடுவார். மிக்ஸி ஓடும்போது கதவு திறந்தே இருக்கட்டும்.