இடதுகைப் பழக்கம் உள்ளவர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் போல வலதுகை கிட்டாரைத் திருப்பி வாசிக்கலாமா? அவர் எப்படி இறந்தார்?

காட்பாடியில் கிட்டார் பழகும் தம்பி, இடதுகை கிட்டார் தேடி வேலூர் முழுக்க அலைந்ததாக எழுதியிருக்கிறீர்கள். தாராளமாகத் திருப்பி வாசிக்கலாம்.

இறப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். 1970 செப்டம்பர் 18, லண்டன். அளவுக்கு மீறித் தூக்க மாத்திரை உள்ளே போயிருந்தது. மயக்கத்தில் எடுத்த வாந்தி மூச்சுக்குழலில் அடைத்தது. வயது 27. அமெரிக்காவின் சியாட்டிலில் பிறந்த எலெக்ட்ரிக் கிட்டார் கலைஞர், பாடகர் லிட்டில் ரிச்சர்டு போன்றவர்களுக்குப் பின்னால் நின்று வாசித்தவர். 1966 செப்டம்பரில் அவருடைய மேலாளரான சாஸ் சாண்ட்லர் லண்டனுக்கு அழைத்துப் போனார். அதிலிருந்து நான்கே வருஷம், மூன்றே ஸ்டூடியோ ஆல்பம். பேச வேண்டியது அந்த நான்கு வருஷத்துக் கைவேலையைத்தான்.

கம்பிகளைத் தலைகீழாக வைத்து வாசித்தார் என்பது தப்பு. அப்படி வாசித்தவர் ப்ளூஸ் கிட்டார் கலைஞர் ஆல்பர்ட் கிங். ஜிமி தன் ஸ்ட்ராட்டோகாஸ்டர் எலெக்ட்ரிக் கிட்டாரைத் திருப்பி, தடித்த கம்பி மறுபடி மேலே வருமாறு மாற்றி மாட்டினார். பிரிட்ஜ் (கம்பிகளை உடலில் தாங்கும் பகுதி) பக்கத்துப் பிக்கப், அதாவது கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் காந்தம், சாய்வானது. திருப்பியதும் அந்தச் சாய்வும் மாறி, தடித்த கம்பிகள் கறாராகவும் மெல்லியவை கொஞ்சம் குழைந்தும் ஒலித்தன. மேடையில் பெரும்பாலும் அரை சுருதி இறக்கிக் கட்டுவார். கம்பி தளர்ந்து, இழுத்து வளைக்கச் சுலபம்.

நீங்கள் எலெக்ட்ரிக்கில் மட்டும் செய்யுங்கள். அக்கூஸ்டிக்கில் சேடில், அதாவது பிரிட்ஜில் கம்பிகள் உட்காரும் பட்டை, சாய்வாகப் பொருத்தியிருக்கும். கம்பி இடம் மாறினால் மேல் ஃப்ரெட்டுகளில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்) சுருதி சேராது.

முதல் வேலை நட், அதாவது கழுத்தின் தலைமுனையில் கம்பிகள் உட்காரும் பள்ளங்கள் வெட்டிய துண்டு. 10-46 கம்பி செட்டில் மெல்லிய கம்பி 0.010 அங்குலம், தடித்தது 0.046. பழைய நட்டிலேயே போட்டால் தடித்தது பள்ளத்தில் உட்காராமல் தூக்கி நிற்கும், மெல்லியது அகலப் பள்ளத்தில் ஆடி இரையும். இடதுகை நட் போட்ட பிறகு, 12ஆவது ஃப்ரெட்டில் ஒவ்வொரு கம்பியையும் அழுத்தி மீட்டுங்கள். அதே இடத்தில் லேசாகத் தொட்டும் மீட்டி, இரண்டையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். அழுத்தியதன் சுருதி ஏறி நின்றால் அந்தக் கம்பியின் சேடிலை நட்டிலிருந்து விலகப் பின்னுக்கும், இறங்கினால் நட்டை நோக்கி முன்னுக்கும் நகர்த்துங்கள். தோள்பட்டை மாட்டும் ஸ்ட்ராப் பட்டனை உடலின் மற்ற கொம்புக்கு மாற்றுங்கள். வால்யூம் குமிழ் இப்போது மேலே இருக்கும், முழங்கை பட்டுத் திரும்பும். அது பழகப் பழகத்தான் சரியாகும்.

வேலூர் மே வெயிலில் பைக்கில் கொண்டுபோய் இறக்கியதும் ட்யூன் பிடிக்காதீர்கள். அரை மணி நேரம் அறைக்குள் ஆறட்டும். சூட்டில் கம்பி நீண்டு சுருதி இறங்கியிருக்கும், ஆறினால் தானே ஏறும்.