2 பெட்டியா, 30 கிலோவா? விமான லக்கேஜ் கேள்வி பதில்

விமான நிலையச் செக்-இன் கவுன்டரில் பல வருடம் வேலை பார்த்தவள் நான். வரிசைக்குப் பக்கத்தில் தரையிலேயே பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, தோளில் தூங்கும் குழந்தையோடு, எதை எடுப்பது எதை விடுவது என்று தெரியாமல் நிற்பவர்களைத் தினமும் பார்த்திருக்கிறேன். முக்கால்வாசிப் பேருக்கு அந்த நிலை வந்திருக்கவே வேண்டாம். அதனால்தான் செக்-இன் லக்கேஜ் பற்றி உங்கள் சந்தேகங்களைக் கேட்கச் சொன்னேன்.

கேள்வி: அக்கா, எனக்கு மொத்தம் 46 கிலோ உண்டுன்னு டிக்கெட் போட்டவர் சொன்னார். ஒரு பெட்டி 26, இன்னொண்ணு 19. கூட்டினா 45தான். அப்புறம் ஏன் கவுன்டர்ல பணம் கேட்டாங்க?

பதில்: உங்களிடம் அவர் சொன்ன கணக்குதான் தப்பு. உங்கள் டிக்கெட்டில் இருந்தது 23 கிலோ பெட்டி இரண்டு. அதைக் கூட்டி 46 என்று சொல்லக் கூடாது. ஒரு பெட்டியில் மிச்சமிருக்கும் 4 கிலோ அடுத்த பெட்டிக்குப் போகாது. 26 கிலோ பெட்டி தனியாகவே அதிக எடை, அதற்குத்தான் பணம் கேட்டிருக்கிறார்கள்.

உலகம் முழுக்க இதற்கு இரண்டு முறைகள் உண்டு. ஒன்று பீஸ் கணக்கு: இத்தனை பெட்டி, ஒவ்வொன்றும் இத்தனை கிலோவுக்குள். எகானமியில் பெரும்பாலும் பெட்டிக்கு 23 கிலோ, பிசினஸ் வகுப்பில் 32 கிலோ. இன்னொன்று வெயிட் கணக்கு: 20, 25, 30 கிலோ என்று மொத்த எடை மட்டும். அதை ஒரு பெட்டியாகவோ இரண்டாகவோ பிரித்துக்கொள்ளலாம், ஆனால் பெட்டி எண்ணிக்கைக்கும் வரம்பு வைக்கிற ஏர்லைன்கள் இருக்கின்றன. அமெரிக்கா, கனடா போகும் வரும் விமானங்களில் பெரும்பாலும் பீஸ் கணக்குதான். மற்ற தடங்களில் இரண்டும் கலந்து இருக்கும்.

உங்களுக்கு எது என்பதை யாரிடமும் கேட்க வேண்டாம். இ-டிக்கெட்டை எடுங்கள். ஒவ்வொரு விமானத்துக்கும் நேராக பேகேஜ் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் '2 பிசி' என்று இருந்தால் இரண்டு பெட்டி. '30 கே' என்று இருந்தால் மொத்தம் 30 கிலோ. பூஜ்யம் போட்டிருந்தால் செக்-இன் பெட்டியே கிடையாது, மலிவான கட்டணத்தில் வாங்கிய டிக்கெட்டுகளில் இது சகஜம். அதே விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரருக்கு 2 பெட்டியும் உங்களுக்கு ஒன்றும் இருக்கலாம். நீங்கள் வாங்கிய கட்டண வகைதான் அதைத் தீர்மானிக்கிறது.

அன்றைக்கு 26 கிலோ பெட்டியிலிருந்து 3 கிலோவை எடுத்து மற்றதில் வைத்திருந்தால் 23, 22 என்று ஆகியிருக்கும். கவுன்டரில் இருந்தவர் அதைச் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த முறை நீங்களே கேளுங்கள்: "ஐந்து நிமிஷம் கொடுங்க, மாத்தி வச்சுட்டு வரேன்." கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள்.

கேள்வி: எனக்கு வெயிட் கணக்குல 40 கிலோ இருக்கு. பெரிய பெட்டி ஒண்ணே ஒண்ணு கொண்டு போனா வசதியா இருக்கும். போடலாமா?

பதில்: போட முடியாது. எவ்வளவு அனுமதி இருந்தாலும் ஒரு தனிப் பெட்டி 32 கிலோவைத் தாண்டினால் பெரும்பாலான ஏர்லைன்கள் செக்-இன்னில் எடுக்கவே மாட்டார்கள். பணம் கட்டுகிறேன் என்றாலும் சரி, கார்கோவில் போடுங்கள் என்பார்கள்.

இதில் நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சிறிய ரக விமானங்களின் சரக்கு அறையில் ஆள் நிமிர்ந்து நிற்க முடியாது. உள்ளே ஒருவர் மண்டியிட்டு உட்கார்ந்து, பெல்ட்டில் வரும் ஒவ்வொரு பெட்டியையும் கையால் இழுத்து, திருப்பி, அடுக்குவார். அடுத்த விமானத்திலும் அதே வேலை. 23 கிலோவுக்கு மேல் போனால் பெட்டியில் 'ஹெவி' என்று ஒரு டேக் கட்டுவதே அவர் எடுக்கும் முன் எச்சரிக்கத்தான். 32 என்ற எண் அந்த முதுகுகளுக்காக வந்தது. 40 கிலோவை இரண்டு 20 ஆகப் போடுங்கள். உங்களுக்கும் டிராலியில் ஏற்ற அதுதான் சுலபம்.

கேள்வி: கூடுதல் கட்டணத்தை எப்படிக் கணக்குப் போடறாங்க? ஒவ்வொரு தடவையும் வேற வேற தொகை சொல்றாங்களே.

பதில்: பீஸ் கணக்கில் மூன்று தனித்தனிக் கட்டணங்கள் உண்டு. அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஒரு பெட்டி, எடை அதிகமான பெட்டி, அளவு பெரிய பெட்டி. மூன்றும் ஒரே பெட்டிக்கு ஒன்றின் மேல் ஒன்றாக விழலாம். மூன்றாவதாக வரும் ஒரு பெட்டி 28 கிலோவும் இருந்து, பெரிதாகவும் இருந்தால் மூன்று கட்டணமும் கட்ட வேண்டியிருக்கும். இதைத் தெரியாமல் வந்து அதிர்ந்து போனவர்கள் நிறைய.

எடை அதிகமான பெட்டிக்குப் பெரும்பாலும் கிலோ பார்க்க மாட்டார்கள். 24 கிலோவும் 31 கிலோவும் ஒரே கட்டணம். அதனால் 1 கிலோ கூடியிருந்தால் அதை எப்படியாவது இறக்குங்கள். 8 கிலோ கூடியிருந்தால் இன்னொரு பெட்டி வாங்குவது மலிவா, எடைக் கட்டணம் மலிவா என்று ஏர்லைன் தளத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

வெயிட் கணக்கில் கிலோவுக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். கவுன்டர் விலைதான் எப்போதும் வலிக்கும். அதே கிலோக்களை முன்கூட்டியே ஆன்லைனில் வாங்கினால் பல ஏர்லைன்களில் நன்றாகவே குறையும். விமானம் கிளம்பக் குறிப்பிட்ட மணி நேரம் இருக்கும்போதே அந்த வாய்ப்பு மூடிவிடும், கடைசி நாள் வரை தள்ளாதீர்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை: முன்கூட்டி வாங்கியதை உபயோகிக்காவிட்டால் பணம் திரும்ப வருவது அரிது. பெட்டியை எடை போட்ட பிறகு வாங்குங்கள்.

கேள்வி: ரெண்டு தனித்தனி டிக்கெட் எடுத்திருக்கேன். முதல் விமானத்துல 30 கிலோ, ரெண்டாவதுல 20 கிலோ. பெட்டி நேரா போயிடுமா?

பதில்: போகாது என்று நினைத்துத் திட்டமிடுங்கள். தனித்தனி டிக்கெட் என்றால் இடையில் இறங்கி, பெட்டியை எடுத்து, வெளியே வந்து, மறுபடி வரிசையில் நின்று செக்-இன் செய்ய வேண்டும். அதற்கு அந்த நாட்டுக்குள் நுழைய விசா தேவைப்படலாம். டிக்கெட் எடுக்கும் முன் பலரும் யோசிக்காதது இதுதான். இரண்டாவது கவுன்டரில் 20 கிலோதான் செல்லும், மீதி 10 கிலோவுக்குப் பணம். ஆகவே உங்கள் அளவு 20 கிலோ.

அமெரிக்கா போகிறவர்களுக்கு இன்னொன்று. ஒரே டிக்கெட்டாக இருந்தாலும், அங்கே முதலில் இறங்கும் விமான நிலையத்திலேயே பொதுவாகப் பெட்டியை எடுத்துச் சுங்கம் தாண்டி, வெளியே இருக்கும் பெல்ட்டில் திரும்பப் போட வேண்டும். அதற்குப் புது டேக்கும் வேண்டாம், கட்டணமும் கிடையாது.

கேள்வி: ஒரே டிக்கெட்தான், ஆனா மூணு ஏர்லைன் மாறுது. யாரோட விதி?

பதில்: ஒரே டிக்கெட் என்பதால் பெட்டி செக்-இன் ஆகும் இடத்திலிருந்து எடுக்கும் இடம் வரை பொதுவாக ஒரு ஏர்லைனின் விதிதான் செல்லும். பெரும்பாலும் அந்தப் பயணத்தில் கண்டம் தாண்டும் நீண்ட தூரத்தைக் கடக்கும் ஏர்லைன் அது. பயணம் அமெரிக்காவில் தொடங்கினாலோ முடிந்தாலோ அந்நாட்டுச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது: டிக்கெட்டில் முதல் விமானத்துக்கு எந்த ஏர்லைனின் குறியீடு இருக்கிறதோ, அந்த ஏர்லைன் தொடக்கத்தில் தீர்மானித்த அளவும் கட்டணமும் கடைசி வரை மாறக் கூடாது. நடுவில் யாராவது வேறு கணக்குச் சொன்னால் இ-டிக்கெட்டின் அந்தக் கட்டத்தைக் காட்டுங்கள். அச்சடித்துக் கையில் வைத்திருப்பது நல்லது.

கேள்வி: குடும்பமா நாலு பேர் போறோம். என் பெட்டி அதிகம், பசங்க பெட்டி காலி. சேர்த்துக் கணக்குப் பார்ப்பாங்களா?

பதில்: வெயிட் கணக்கில், ஒரே புக்கிங்கில் இருந்து, ஒன்றாகச் செக்-இன் செய்தால் பல ஏர்லைன்கள் சேர்த்துப் பார்ப்பார்கள். ஒரு பெட்டிக்கு 32 கிலோ வரம்பு அப்போதும் உண்டு. பீஸ் கணக்கில் பெரும்பாலும் பார்க்க மாட்டார்கள். நீங்களே பசங்கள் பெட்டிக்கு மாற்றிவிட்டால் பிரச்சினையே இல்லை.

கேள்வி: அட்டைப்பெட்டி போடலாமா? அளவு என்ன?

பதில்: போடலாம். நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பதுதான் பரவலான விதி. சூட்கேஸ் என்றால் சக்கரமும் கைப்பிடியும் சேர்த்து அளக்க வேண்டும், கடையில் எழுதியிருக்கும் அளவில் பல சமயம் சக்கரம் சேராது.

கேள்வி: பவர் பேங்க்கைச் செக்-இன் பெட்டியில வச்சா எடை குறையுமே?

பதில்: தயவுசெய்து வைக்காதீர்கள். பவர் பேங்க், கழற்றி வைத்த லித்தியம் பேட்டரி எல்லாம் கைப்பையில்தான் வர வேண்டும். கேபினில் புகை வந்தால் பணிப்பெண்கள் உடனே கவனிப்பார்கள். சரக்கு அறையில் யாரும் இல்லை. பேட்டரியில் எவ்வளவு மின்சாரம் அடங்கும் என்பதை வாட்-அவரில் சொல்வார்கள். 100 வாட்-அவர் வரை அனுமதி கேட்க வேண்டியதில்லை. 100 முதல் 160 வரை ஏர்லைன் அனுமதியோடு இரண்டு மட்டும். 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் சுமார் 74 வாட்-அவர்தான். எத்தனை கொண்டு போகலாம், விமானத்தில் உபயோகிக்கலாமா என்பதில் சில ஏர்லைன்கள் இன்னும் கடுமையாக இருக்கிறார்கள், அவர்கள் தளத்தில் பாருங்கள். விமானம் ஏறும் கேட்டில் உங்கள் கைப்பையை வாங்கிச் சரக்கு அறைக்கு அனுப்பினால், கொடுக்கும் முன் பவர் பேங்க்கை எடுத்துவிடுங்கள். அந்த அவசரத்தில்தான் மறந்துபோகும்.

கேள்வி: கைக்குழந்தைக்கு அளவு உண்டா? மாமனாருக்கு வீல்சேர் வேற இருக்கு.

பதில்: இருக்கை எடுக்காத கைக்குழந்தைக்குப் பல ஏர்லைன்கள் 10 கிலோ அல்லது ஒரு பெட்டி தருவார்கள், மடக்கும் ஸ்ட்ரோலர் தனி. மாமனாரின் சொந்த வீல்சேருக்குக் காசு வாங்கக் கூடாது என்று அமெரிக்காவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் சட்டமே இருக்கிறது. பேட்டரியில் ஓடுவது என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: போன வருஷம் பெட்டி வரவே இல்ல. ஒரு ஏர்லைன் மூணு மாசம் அலைய விட்டுச்சு. என்ன செஞ்சிருக்கணும்?

பதில்: படித்ததும் வருத்தமாக இருந்தது. பெல்ட் நின்றும் பெட்டி வரவில்லை என்றால் விமான நிலையத்தை விட்டு வெளியே வராதீர்கள். அங்கேயே பேகேஜ் கவுன்டரில் பி.ஐ.ஆர். என்ற புகார் எழுதி, அதன் எண்ணை வாங்குங்கள். போர்டிங் பாஸில் ஒட்டித் தந்த டேக் சீட்டில் உள்ள பத்து இலக்க எண்தான் உங்கள் பெட்டியின் அடையாளம்.

பெரும்பாலான சர்வதேசப் பயணங்களுக்கு 1999ஆம் வருட மான்ட்ரியல் ஒப்பந்தம் பொருந்தும். உடைந்த பெட்டிக்குக் கையில் கிடைத்த 7 நாளுக்குள், தாமதமானதற்குக் கையில் கிடைத்த 21 நாளுக்குள் எழுத்தில் புகார் போக வேண்டும். வர வேண்டிய நாளிலிருந்து 21 நாள் தாண்டியும் வராத பெட்டியைத் தொலைந்ததாக எடுத்து இழப்பீடு கேட்கலாம். வழக்குப் போட 2 வருடம் வரை நேரம், ஆகவே உங்களுக்கு இன்னும் வழி இருக்கிறது. டிசம்பர் 2024 முதல் உச்ச வரம்பு ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), ஏறத்தாழ 2,000 அமெரிக்க டாலர். பெட்டிக்கு இல்லை, ஆளுக்கு. அதுவும் நீங்கள் நிரூபிக்கும் இழப்பு வரைதான், பில் கேட்பார்கள். மூடும் முன் பெட்டிக்குள் இருப்பதை இரண்டு போட்டோ எடுத்து வைத்திருந்தால் பேச்சு பாதியாகக் குறையும்.

கேள்வி: அம்மா அப்பா முதல் தடவை தனியா விமானம் ஏறப் போறாங்க. எடை அதிகம்னு சொன்னா பயந்துடுவாங்க. எப்படித் தயார் பண்றது?

பதில்: 23 கிலோ என்றால் 22ல் நிறுத்துங்கள். வீட்டுத் தராசுக்கும் கவுன்டர் தராசுக்கும் கொஞ்சம் வித்தியாசம் வரும். கொக்கித் தராசு இல்லையென்றால், பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆள் எடை பார்க்கும் மெஷினில் ஏறி, பிறகு தனியாக ஏறிக் கழித்துக்கொள்ளுங்கள். காலிப் பெட்டியே 4, 5 கிலோ இருந்தால் வேறு பெட்டி பாருங்கள்.

எடுக்க நேர்ந்தால் எதை எடுக்கலாம் என்று இப்போதே முடிவு செய்து, அதை ஒரு தனிப் பையில் போட்டு மேலாக வையுங்கள். பையைத் தூக்கினால் போதும், உள்ளே கிளற வேண்டாம். வழியனுப்ப வருகிறவர் அதை வாங்கிக்கொள்ள, பெட்டி உள்ளே போகும் வரை வெளியில் நிற்கட்டும். மாத்திரை, மருத்துவச் சீட்டு, நகை, பணம் எல்லாம் கைப்பையில்.

டேக் ஒட்டியதும் அதில் பெரிதாக இருக்கும் மூன்று எழுத்தை அப்பா படித்துப் பார்க்கட்டும். அவர்கள் பெட்டியை எடுக்கப் போகும் ஊரின் விமான நிலையக் குறியீடு அது. ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்து அனுப்புங்கள். மூன்று எழுத்தும் அதோடு பொருந்தாவிட்டால் பெட்டி பெல்ட்டில் நகரும் முன்பே கேட்கச் சொல்லுங்கள்.